தலைப்புச் செய்தி

காலை எட்டுக்கு ஏணி வைத்துத் தகரக் கூரைமேல் ஏறுகிறேன்.
பதினோரு சோடா பாட்டில்கள்.
லேபிளைக் கிழித்து, பசையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து,
நிறைத்து, மூடி திருகி,
ஏரி மீன்களைச் சந்தையில் அடுக்குவதுபோல்
பக்கவாட்டில் படுக்கவைக்கிறேன்.

நாலாயிரம் மீட்டர் உயரம் இது.
இங்கே மூச்சுக்குத்தான் பஞ்சம்,
வெயிலுக்கு இல்லை.
மதியம் இரண்டுக்குள்
கண்ணுக்குத் தெரியாததெல்லாம் உள்ளேயே செத்துவிடும் என்றாள்
சுகாதார நிலையத்து ஃபிலோமெனா.
கொதிக்கவைக்க விறகுக்கு எங்கே போவது?
லாமாச் சாணம் இருக்கிறது.
அது உருளைக்கிழங்கு வேகவே போதாது.

ஒரே ஒரு நிபந்தனை.
தண்ணீர் கலங்கியிருக்கக் கூடாது.
கலங்கல் கிருமிக்குக் குடை பிடிக்கும்.
அதனால் செய்தித்தாளை விரித்து
தலைப்பின்மேல் பாட்டிலை நிறுத்தி
மூடி வழியாகக் கீழே பார்க்க வேண்டும்.
எழுத்து தெரிந்தால் கூரைக்கு.
இல்லையென்றால் திரும்ப வாளிக்கு,
விடியும்வரை அடங்கட்டும்.

செய்தித்தாள் ஒன்றுதான் இருந்தது
பதினாறு வீட்டுக்கும்.
ஓருரோ போன லாரிக்காரன்
செருப்பு சுற்றிக்கொண்டு வந்தது.
"ரயில் வேலைநிறுத்தம் ஏழாம் நாள்."
எங்கள் ஊரில் அந்த ரயில்
இரண்டு வருடமாக
ஏழாம் நாளிலேயே நின்றது.

மழைக்காலத்தில்
மேல் ஊற்று மண் கரைந்து வந்தது.
எவரிஸ்தா பாட்டிலை வைத்தாள், குனிந்தாள்,
"ரயில் வேலைநிறுத்தம் ஏழாம் நாள்" என்றாள்,
ஜெபம்போல், தடங்கலே இல்லாமல்.
நானும் குனிந்தேன்.
எனக்கும் தெரிந்தது.

மூன்றாம் நாள் அவள் மகன் வில்மெர்
கொல்லைக்கும் கட்டிலுக்கும் நடந்தான்,
பிறகு நடக்க முடியவில்லை.
உப்பும் சர்க்கரையும் கரைத்து
கரண்டி கரண்டியாக இரவு முழுக்க.
பிழைத்தான்.
பிழைத்ததால்தான் இதைச் சொல்ல வாய் வருகிறது.

மறுநாள் அதே வாளியிலிருந்து ஒரு பாட்டில் நிறைத்தேன்.
தாளைப் புரட்டி
எந்தப் பக்கம் என்று பார்க்காமலே
மேலே வைத்தேன்.
பாட்டிலின் அடியில்
தேநீர் நிறம் இருந்தது.
எழுத்து என்று ஒன்றுகூட இல்லை.

நாங்கள் தண்ணீரைப் பார்க்கவேயில்லை.
எத்தனை நாளாகவோ
மனப்பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சந்தின் கடைசி வீடு சதுர்னினாவுடையது.
அவளுக்குப் படிக்கத் தெரியாது.
அந்த மழையில் அவள் வீட்டில் மட்டும்
யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடவில்லை.
"நீ எப்படிப் பார்ப்பாய்?" என்று கேட்டேன்.
"எறும்புதானே அதெல்லாம்" என்றாள்.
"காலை எண்ண முடிந்தால் ஏற்றுவேன்.
காலும் உடம்பும் ஒட்டிப்போனால் ஊற்றுவேன்."
எழுத்தின் கால்களை
அவள் ஒவ்வொரு முறையும் எண்ணியிருக்கிறாள்.

இப்போது அடியில் வைப்பது
அடுத்த வீட்டுக்காரரின் வேலை.
தீப்பெட்டி அட்டை,
கடன் சங்கத்தின் மூன்றாவது எச்சரிக்கை,
வில்மெரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு மூலை.
வைத்தவர் வாய் திறக்கக் கூடாது,
பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும்.
கடன் சீட்டை வைத்த அன்று
எவரிஸ்தா தொகையைச் சத்தமாகப் படித்துவிட்டாள்.
ஒரு வாரம் சண்டை.

நேற்று நிகானோர் வைத்தது
சுரங்கக் கூட்டுறவின் நோட்டீஸ்.
"கீழ் ஆற்று நீரை ஆடுகளுக்கும் தர வேண்டாம்."
புள்ளிவரை தெரிந்தது.
கீழ் ஆற்று நீரும் இப்படித்தான் இருக்கும்,
எங்கள் ஊற்றைவிடத் தெளிவாக,
எறும்பின் கால் என்ன, மீசையே தெரியும்.
வெயில் உயிருள்ளதைக் கொல்லும்.
ஈயத்துக்கு ஏது உயிர்?
அதற்கு இந்தக் கூரை போதாது,
ஃபிலோமெனாவிடமும் பதில் இல்லை.
மேல் ஊற்றுக்கு நாற்பது நிமிட ஏற்றம்.
ஏறுகிறோம்.

பகல் பன்னிரண்டு.
பாதி வானத்துக்குமேல் மேகம்.
இன்றைய பாட்டில்கள் நாளையும் கூரையில்தான்.
பதினோரு கழுத்திலும் சிவப்பு நூல் கட்டினேன்,
இரவுப் பணி முடிந்து தாகத்தோடு வரும் நிகானோர்
இருட்டில் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.
பிறகு, குடிக்க
முந்தாநாள் வெயிலில்
ஒரு குவளை மீதி இருந்தது.